கோப்பை திறக்கவா, கோப்பைத் திறக்கவா?

வாசகர் கேள்வி – பதில்

மென்பொருள்களின் உதவிப் பக்கங்களிலும் கையேடுகளிலும் இருக்கிற பிழைகளை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் மேசையில் இருக்கிற கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்கு வந்தவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுக்க இதையே பேசிவிடுவோம்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். நிரல் எழுதிப் பங்களிக்கும் அளவுக்கு இன்னும் தேறவில்லை. ஒரு திறமூல மென்பொருளின் ஆங்கிலக் கையேட்டில் நான்கைந்து எழுத்துப்பிழைகள் கண்ணில் பட்டன. திருத்தி அனுப்பப் போகிறேன் என்றதும், "இதெல்லாம் ஒரு பங்களிப்பா, ரெஸ்யூமேல போடத்தானே" என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். அனுப்பலாமா?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: தாராளமாக அனுப்புங்கள். கேலி செய்கிறவர்களுக்கு ஒன்றைக் காட்டுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலின் மூல நிரலுக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற அடைவில் 'ஸ்பெல்லிங்' என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஒரு தவறான எழுத்துக்கூட்டல், நடுவில் இரண்டு செங்குத்துக் கோடுகள், வலப்பக்கம் சரியான சொல், அவ்வளவுதான். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் மென்பொருள் பொதிகளைச் சோதிக்கிற லின்டியன் என்ற கருவியிலிருந்து எடுத்து ஆரம்பித்த பட்டியல் அது. கர்னலில் செய்யும் மாற்றங்களான பேட்ச்களை அனுப்புவதற்கு முன் சோதிக்கிற 'செக்பேட்ச்' என்ற நிரல் இந்தப் பட்டியலையும் வைத்துக்கொண்டு பார்க்கும். உலகத்தின் எத்தனையோ சர்வர்களையும் ஆண்ட்ராய்டு போன்களையும் தாங்கி நிற்கிற நிரலை எழுதுகிறவர்கள் எழுத்துப்பிழைக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்துப் பராமரிக்கிறார்கள் என்றால், அது ரெஸ்யூமேக்காகச் செய்கிற அற்ப வேலை இல்லை.

கையேட்டைத் திறக்கிறவர் பொழுதுபோக்குக்குத் திறப்பதில்லை. ஏதோ ஓடவில்லை, அதனால் வந்திருக்கிறார். அவர் தேடுகிற சொல்லில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் 'கண்ட்ரோல் எஃப்' போட்டுத் தேடினாலும் அந்தப் பத்தி அகப்படாது. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கிறவருக்கு, இது தனக்குத் தெரியாத புதுச் சொல்லா இல்லை பிழையா என்பதே தெரியாது, அகராதியைப் புரட்டி அங்கேயும் கிடைக்காமல் திரும்புவார். இலக்கணமும் அப்படித்தான். 'அலவ்ஸ்' என்ற வினைக்குப் பிறகு யாரை அனுமதிக்கிறது என்ற சொல்லே இல்லாமல் நேரே 'டு' போட்டு எழுதுவது கையேடுகளில் அடிக்கடி வரும் பிழை. லின்டியன் அதைப் பிடித்து நடுவில் 'ஒன்' சேர்க்கச் சொல்லும். தமிழில் 'அச்சிட அனுமதிக்கிறது' என்று யாரை என்பதைச் சொல்லாமலே எழுதலாம், அதனால் நம் கண்ணுக்கு அந்தத் தவறு எளிதில் தெரியாது. இதைப் பழகிக்கொண்டாலே நிறைய திருத்தலாம்.

அப்புறம், அனுப்புகிற முறை. நீங்கள் படித்தது பழைய பதிப்பின் கையேடாக இருக்கலாம், அதனால் முதலில் இப்போது வேலை நடக்கிற கிளையில் அந்தக் கோப்பைத் திறந்து பிழை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திட்டத்தின் எல்லாக் கோப்புகளும் இருக்கிற மொத்த ரெப்பாசிட்டரியிலும் கிரெப் என்ற தேடல் கட்டளையை ஒரு முறை ஓட்டுங்கள், ஒரு சொல்லைத் தவறாகப் பழகியவர் எழுதிய இடமெல்லாம் அது இருக்கும். 'கோட்ஸ்பெல்' என்ற கருவியும் உதவும். அது அகராதியில் இல்லாத சொல்லையெல்லாம் பிழை என்று காட்டாது, வழக்கமாக நடக்கும் பிழைகளின் பட்டியலை மட்டும் வைத்துத் தேடும், அதனால் மாறிகளின் பெயரையும் கட்டளைகளின் பெயரையும் பிடித்து இழுப்பது குறைவு. ஆனால் அது காட்டியதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்காமல் மாற்றாதீர்கள். எழுத்துப்பிழையையும் வாக்கியத் திருத்தத்தையும் ஒரே பேட்ச்சில் கலக்க வேண்டாம், ஏனென்றால் எழுத்துப்பிழையைப் பார்த்த மாத்திரத்தில் ஏற்றுக்கொள்வார்கள், வாக்கியத்தை மாற்றினால் பொருள் மாறிவிட்டதா என்று யோசிக்க நேரம் வேண்டும், அதற்காக இதுவும் சேர்ந்து காத்துக்கிடக்கும். முக்கியமாக, ஓர் எழுத்தை மாற்றிவிட்டு அந்தப் பத்தியின் வரிகளையெல்லாம் மறுபடி மடித்து அழகுபடுத்தாதீர்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃபில் பத்து வரியும் மாறியதாகத் தெரியும், சரிபார்க்கிறவர் அந்த ஓர் எழுத்தை அதற்குள் தேட வேண்டும்.

உங்கள் நண்பர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று திறமூலப் பங்களிப்புக்கான ஒரு நிகழ்வை நடத்துகிறது. 2020-இல் அக்டோபருக்குள் நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால் டி-சர்ட் என்பது விதி. திட்டத்தை அறிமுகப்படுத்துகிற ரீட்மீ கோப்பின் தலைப்பில் தேவையில்லாத ஓர் அடைமொழியைச் சேர்ப்பது, சரியாக இருந்த சொல்லை வேறு சொல்லாக்குவது என்று அந்த வருடம் குவித்துவிட்டார்கள். பராமரிப்பாளர்கள் நொந்துபோய்க் குரல் எழுப்ப, முன்வந்து சேர்ந்துகொள்கிற திட்டங்களுக்கு அனுப்புவது மட்டும்தான் கணக்கு என்று மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள். உண்மையான பிழை ஒன்றைப் பார்த்து, அதனால் யாருக்கு என்ன சிரமம் என்று தெரிந்து அனுப்புகிறவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: ஒரு செயலியைத் தமிழாக்கும் குழுவில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. ஒற்று விட்டுப்போனது என்று மீளாய்வாளர் என் வரிகளைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார். செயலி பயன்படுத்துகிறவர்கள் க், த் எல்லாம் பார்ப்பார்களா?
— மதுரை வாசகர்

பதில்: பார்க்க மாட்டார்கள். சரியாக இருந்தால் பார்க்க வேண்டிய தேவையே இருக்காது, அதற்காகத்தான் உங்கள் மீளாய்வாளர் பாடுபடுகிறார்.

ஓர் உதாரணம் போதும். கோப்பு என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்தால் கோப்பை. நாம் காபி குடிக்கிறதும் கோப்பை. 'கோப்பைத் திற' என்று எழுதினால், வேற்றுமை உருபு வெளிப்படையாக இருப்பதால் வல்லினம் மிகுந்திருக்கிறது, ஆகவே இது கோப்பு என்பது படித்த நொடியில் தெரிகிறது. 'கோப்பை திற' என்று விட்டால், இலக்கணப்படி உருபு மறைந்து நிற்கிற தொகை அது, கோப்பையைத் திற என்று பொருள். அந்த ஒரு 'த்'தான் இரண்டையும் பிரிக்கிறது. இதே மாதிரி 'எண்ணை தருக' என்று ஒரு படிவத்தில் இருந்ததை நானே திருத்தியிருக்கிறேன். பேச்சில் எண்ணெயை எண்ணை என்றுதானே சொல்கிறோம், 'எண்ணைத் தருக' என்றதும் அது எண்ணாகிவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு எல்லா இடத்திலும் ஒற்றைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் இப்போது பெரிய நோய். 'அந்தக் கோப்பு' சரி, 'திறந்தக் கோப்பு' தவறு. திறந்த என்பது பெயரெச்சம், அங்கே மிகாது. 'வலைத்தளம்' சரி, ஆனால் 'இயங்குத்தளம்' என்று எழுதக்கூடாது, அது வினைத்தொகை, சுடுகாடு ஊறுகாய் மாதிரி, 'இயங்குதளம்' என்று சும்மா நிற்கும். 'சேமிக்க தவறியது' என்று பார்த்தால் 'சேமிக்கத் தவறியது' என்று திருத்தத் தோன்றும், ஒற்று சரிதான், ஆனால் தமிழில் கருவிகள் தவறுவதில்லை, 'சேமிக்க முடியவில்லை' என்று எழுதிவிட்டால் ஒற்றுப் பிரச்சினையும் தீர்ந்தது, தமிழும் தமிழாக இருக்கும்.

தமிழாக்கத்தில் இன்னொரு சிக்கல் ப்ளேஸ்ஹோல்டர். கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறி இருக்கும், ஓடும்போது மென்பொருள் அங்கே பெயரைப் போட்டுக்கொள்ளும். அந்தக் குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 'ஐ' போட்டு நிறைய பேர் எழுதுகிறார்கள், திரையில் 'கடிதம் ஐ நீக்கவா?' என்று வந்து நிற்கிறது. மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும், எந்தப் பெயர் வரும் என்று நமக்குத் தெரியாதபோது உருபை அதன் மேல் ஒட்டவே கூடாது. '"கடிதம்" என்ற கோப்பை நீக்கவா?' என்று நமக்குத் தெரிந்த ஒரு சொல்லை இடையில் வைத்து உருபை அதற்குக் கொடுங்கள். 'என்ற' பெயரெச்சமாக இருப்பதால் ஒற்றும் வராது. பன்மைக்கும் இதே கவனம் வேண்டும்: ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என்று இரண்டு வரி எழுத கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி இடம் கொடுக்கிறது, அதில் பெயரை மட்டும் மாற்றி வினையை விட்டுவிட்டால் '5 கோப்புகள் நீக்கப்பட்டது' என்று வரும்.

கேள்வி: நாங்கள் தரவிறக்கம், இணையத்தளம் என்று எழுதுவதை எழுத்துப்பிழை என்று குறித்துப் பதிவிறக்கம், இணையதளம் என்று இந்தியாவில் இருக்கிறவர்கள் மாற்றிவிடுகிறார்கள். நாங்கள் படித்த தமிழ் பிழையா?
— யாழ்ப்பாண வாசகர்

பதில்: பிழை இல்லை, அப்படிக் குறித்ததுதான் பிழை. இணையம் என்பதோடு தளம் சேரும்போது இணையத்தளம் என்று எழுத இலக்கணம் துணை நிற்கிறது, சொல்லப்போனால் எங்கள் பக்கத்து வழக்கத்தைவிட உறுதியாகவே நிற்கிறது. தரவிறக்கம், பதிவிறக்கம் இரண்டும் நன்றாக ஆகிவந்த சொற்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனி வட்டாரக் குறியீடுகள் உண்டு, ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் தமிழ் என்று ஒரே ஒரு கோப்பைத்தான் வைத்திருக்கின்றன. அதில் ஒரு பக்கம் தரவிறக்கம், அடுத்த பக்கம் பதிவிறக்கம் என்று இருந்தால் படிக்கிறவர் இரண்டும் வெவ்வேறு வேலை என்று நினைப்பார். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதை இரண்டு கரையினரும் சேர்ந்து பேசித் தேர்ந்தெடுத்து, சொற்பட்டியலில் எழுதிவைத்து, மாற்றத்தின் குறிப்பில் 'சீர்மைக்காக' என்று போட வேண்டும். 'பிழைதிருத்தம்' என்று போட்டால் மனம் புண்படும். புண்படத்தான் செய்யும்.

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன். பொறியாளர்கள் எழுதிய நிறுவல் கையேட்டை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தேன். அதைப் பார்த்துச் செய்த வாடிக்கையாளருக்கு ஒரு கட்டளையும் ஓடவில்லை. 'இனிமே டாக்குமெண்ட்ல கைய வைக்காத' என்று சொல்லிவிட்டார்கள். நான் மாற்றியது ஆங்கிலத்தை மட்டும்தான்.
— சென்னை வாசகி

பதில்: நீங்கள் கட்டளையைத் தொடவில்லை, உங்கள் எழுதி மென்பொருள் தொட்டிருக்கிறது. வேர்ட் போன்ற மென்பொருளில் வைத்துத்தானே திருத்தினீர்கள்? அதில் தானாகத் திருத்தும் வசதி, நேர் மேற்கோள் குறியை வளைந்த மேற்கோள் குறியாக மாற்றிவிடும். கட்டளைகளில் விருப்பத்தேர்வுக்கு முன்னால் வருகிற இரண்டு சிறு கோடுகளை ஒட்டி ஒரே நீளக்கோடாக்கிவிடும். வரி தொடங்குகிற சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. அச்சில் பார்க்க முன்பைவிட அழகாக இருக்கும், காப்பி எடுத்து டெர்மினலில் ஒட்டினால் ஓடாது. அந்தப் பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டளை வரிகளை மட்டும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், நான் சொன்ன மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். இனிமேல் வெறும் உரை எழுதியில் திருத்துங்கள், அல்லது அந்தத் தானியங்கித் திருத்தங்களை முதலில் அணைத்துவிடுங்கள்.

இது உங்கள் திறமையில் உள்ள குறை இல்லை, ஆனால் கையேட்டைத் திருத்துகிறவர் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. கூடவே இன்னொன்றும். பிழையாகவே பிறந்து, பிழையாகவே பெயரான சொற்கள் சில உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று உலாவி சர்வருக்குச் சொல்கிற தலைப்பு வரிக்கு 'ரெஃபரர்' என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நடுவே 'ஆர்' இரண்டு வரவேண்டும். ஒன்றை விட்டுவிட்டு எழுதி, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபிக்கு 1996-இல் வந்த ஆவணத்திலும் அப்படியே ஏறிவிட்டது, இன்றைக்கும் அதை ஒற்றை ஆரோடுதான் எழுத வேண்டும். பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' என்ற தலைப்பு வரியில் சரியாக இரண்டு ஆர் இருக்கிறது. ஆக ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகவும் வரும், இரண்டும் சரி. யூனிக்ஸில் கோப்பை உருவாக்குகிற 'கிரியேட்' அழைப்பில் கடைசி 'ஈ' எழுத்து கிடையாது. மறுபடி யூனிக்ஸை வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன் சொன்னது பிரசித்தம். இணைத்த வட்டைக் கழற்றுகிற, அதாவது 'அன்மவுண்ட்' செய்கிற கட்டளையில் முதல் 'என்' இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலம் படித்த நம் கை, 'கலர்' என்று வந்தால் ஒரு 'யூ'வைச் சேர்க்கத் துடிக்கும். இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற சிஎஸ்எஸ் வரிக்குள் சேர்த்தால் நிறமே வராது.

பொறியாளர்களிடம் நேராகப் போய் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். கட்டளை, கோப்புப் பெயர், திரையில் வரும் செய்தி இவற்றை நான் தொட மாட்டேன், சந்தேகம் வந்தால் கேட்பேன் என்றும், திருத்திய ஒவ்வொரு கட்டளையையும் நீங்கள் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள் என்றும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கை வைக்காதே என்று ஒதுக்கிவிட்டால் அந்தக் கையேட்டைப் படிக்கிறவர்களுக்குத்தான் நட்டம்.

கேள்வி: எங்கள் செயலியில் ஒரு ஆங்கிலச் செய்தியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் சரிசெய்தேன். மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பிழையைத் திருத்தியது குற்றமா?
— நிரலாளர், ஓசூர்

பதில்: குற்றமில்லை, நேரம் தவறு. கெட்டெக்ஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அவர்கள் கோபம் புரிந்துவிடும்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் மூல ஆங்கிலம், கீழ் வரியில் தமிழ். அந்த மேல் வரி வெறும் குறிப்பு இல்லை, அதுதான் சாவி. செயலி ஓடும்போது ஆங்கில வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய், இதற்குத் தமிழ் இருக்கிறதா என்று தேடும். 'சக்ஸஸ்ஃபுல்லி' என்பதில் ஒரு 'சி' குறைந்திருந்தால், குறைந்த சாவிக்குத்தான் எல்லா மொழியிலும் பூட்டு செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் 'சி'யைச் சேர்த்ததும் சாவி மாறிவிட்டது. கோப்புகளைப் புதுப்பிக்கும்போது கருவி இது ஏறக்குறைய பழைய வாக்கியம்தான் என்று கண்டுபிடித்துத் தமிழைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளும், ஆனால் 'ஃபஸ்ஸி' என்று ஒரு குறி போட்டுவிடும். ஒரு மனிதர் பார்த்து அந்தக் குறியை எடுக்கும் வரை அந்த வரி செயலிக்குள் போகாது. விளைவு, ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு ஓர் எழுத்து சரியானது, தமிழிலும் தெலுங்கிலும் ஜப்பானிய மொழியிலும் படிக்கிறவர்களுக்கு அந்த வரி முழுவதும் ஆங்கிலமாகிவிட்டது. இரண்டு நாளில் எத்தனை மொழிக்காரர்கள் வந்து குறியை எடுக்க முடியும்?

லினக்ஸின் திரைச்சூழலான க்னோம் போன்ற பெரிய திட்டங்களில் இதற்காகவே வெளியீட்டுக்கு முன்னால் 'ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்' என்று ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு திரையில் வரும் எந்தச் சொல்லையும் அனுமதி கேட்காமல் மாற்றக்கூடாது, பிழையாக இருந்தாலும். நீங்களும் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் மாறாத வெறும் எழுத்துப்பிழை என்றால், ஆங்கிலத்தைத் திருத்துகிற அதே மாற்றத்திலேயே எல்லா மொழிக் கோப்புகளிலும் மேல் வரியை நீங்களே மாற்றிவிடலாம், அப்போது சாவியும் பூட்டும் சேர்ந்தே மாறும், யாருடைய உழைப்பும் வீணாகாது. ஆனால் அதையும் மொழிபெயர்ப்பாளர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவர்கள் கணினியில் பாதி முடித்த கோப்பு இருக்கலாம்.

கேள்வி: 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கைப்பேசியில் தமிழைப் போட்டுக் கொடுத்தான் பேரன். எங்கு பார்த்தாலும் பிழை. நிரல் எதுவும் தெரியாத என்னால் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: வணக்கம் ஐயா. உங்களைப் போன்றவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். நிரல் தெரிய வேண்டியதில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தருகிற மோசில்லாவுக்குப் பான்டூன், அலுவலக மென்பொருளான லிப்ரெஓபிஸுக்கு வெப்லேட் என்று மொழிபெயர்ப்புத் தளங்கள் இருக்கின்றன, உலாவியிலேயே வேலை செய்யலாம். ஆங்கிலமும் தமிழும் அடுத்தடுத்து இருக்கும், உங்கள் திருத்தத்தைப் பரிந்துரையாக எழுதினால் குழுவில் ஒருவர் பார்த்து ஏற்பார். ஆரம்பத்தில் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

தமிழ் வகுப்பில் வராத சில சங்கடங்கள் இங்கே வரும், அவற்றை மட்டும் சொல்கிறேன். சேமி, சேமிக்க, சேமிக்கவும் மூன்றுமே இலக்கணப்படி சரி. ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பொத்தானை அழுத்தும்போது மனிதர் கருவிக்குக் கட்டளையிடுகிறார், அங்கே 'சேமி' போதும். கருவி மனிதரிடம் கேட்கும்போது 'பெயரை உள்ளிடவும்' என்று மரியாதையோடு கேட்க வேண்டும். பொத்தானில் சேமிக்கவும் என்று எழுதினால் தவறில்லை, இடம் அடைக்கும், சின்னத் திரையில் பாதியோடு வெட்டுப்படும். அதே போல ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்று ஒற்றைச் சொல் தனியாக வரும். அது 'திற' என்ற ஏவலா, 'திறந்துள்ளது' என்ற நிலையா என்று அந்தத் திரையைப் பார்க்காமல் சொல்லவே முடியாது. பார்க்காமல் திருத்த வேண்டாம்.

நான் ஓர் எச்சரிக்கைச் செய்தியைப் பற்றி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 'கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டாம்' என்று இருந்தது. எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை, மூன்று பேர் சரிபார்த்து ஏற்றிருந்தார்கள், நானும் அதில் ஒருவன். ஆங்கில மூலத்தில் இருந்தது, மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை என்பது. தமிழில் வேண்டாம் என்பது 'செய்யாதே' என்ற தடையாகவும் இருக்கும், 'அவசியமில்லை' என்ற சலுகையாகவும் இருக்கும். படித்த ஒருவர் தடை என்று எடுத்துக்கொண்டு கணினியை அணைக்கவே பயந்து இரவு முழுக்க ஓடவிட்டிருக்கிறார். 1997-இல் இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்களுக்காக ஓர் ஆவணம் வந்தது, ஆர்எஃப்சி 2119. கட்டாயம் செய், செய்வது நல்லது, செய்யலாம், செய்யவே கூடாது என்பதற்கெல்லாம் எந்த ஆங்கிலச் சொல், அதன் பொருள் என்ன என்று வரையறுத்ததுதான் அந்த ஆவணத்தின் முழு வேலையும். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் ஐயா: வேண்டும், நல்லது, செய்யலாம், தேவையில்லை, கூடாது. வேண்டாம் என்ற சொல்லைக் கையேட்டிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

'முயற்சிக்கவும்' என்று பல இடத்தில் பார்த்திருப்பீர்கள். முயற்சி பெயர்ச்சொல், 'முயலவும்' என்பதே சரி என்று உங்கள் கை துறுதுறுக்கும். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஒரே நாளில் எல்லா இடத்திலும் மாற்றாமல் குழுவிடம் முதலில் சொல்லி, ஒப்புக்கொண்ட பிறகு மொத்தமாக மாற்றுவது நல்லது. பாதி முயலவும் பாதி முயற்சிக்கவும் என்று கிடந்தால் இரண்டையும்விட மோசம்.

கேள்வி: தமிழ்ப் பிழையைக் கணினியே கண்டுபிடிக்காதா? கண்ணால்தான் பார்க்க வேண்டுமா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: கொஞ்சம் கண்டுபிடிக்கும். நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' எழுத்துப்பிழைகளையும், 'நாவி' சந்திப்பிழைகளையும் காட்டும், அனுப்புவதற்கு முன்னால் இரண்டிலும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் ஒரு வினைச்சொல்லின் மேல் காலம், எண், இடம், கூடவே உம், தான், ஆவது என்று அடுக்கிக்கொண்டே போகிற மொழி நம்முடையது, எல்லா வடிவத்தையும் பட்டியல் போட முடியாது. தவிர 'கோப்பை', 'எண்ணை' எல்லாம் சொல்லளவில் சரியாகத்தான் இருக்கின்றன.

நேர்மாறாக, கண்ணால் பிடிக்கவே முடியாத பிழைகள் சில உண்டு, அதற்குக் கணினிதான் வேண்டும். 'அவர்' என்பதையும் 'அவா்' என்பதையும் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது ரகரம் இல்லை, துணைக்கால், அதன் மேல் புள்ளி. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது, ஆனால் அவர் என்று தேடினால் இரண்டாவது கிடைக்காது. 'கௌரவம்' என்பதை எகரக் கொம்பும் ளகரமும் போட்டுக் 'கெளரவம்' என்று தட்டுவது, 'எ' என்பதற்குப் பதில் தமிழ் எண் ஏழான '௭'ஐத் தட்டுவது, இவையும் இந்த ரகம். 'கொ' என்ற ஓர் எழுத்தையே யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒகரக் குறியாக மொத்தமாகவும், எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது, ஆனால் அதைச் சீராக்கிக்கொண்டு தேடுகிற வேலையை எல்லா மென்பொருளும் செய்வதில்லை. கையேட்டில் இந்த மாதிரி இடங்களை மாற்ற ஒரு தேடல் வரி எழுதினாலே போதும். துணைக்காலுக்கு அடுத்துப் புள்ளி வந்தால் அது எந்தத் தமிழ்ச் சொல்லிலும் சரியாக இருக்க வாய்ப்பில்லை, கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம்.

கேள்வி: ஒரு கையேட்டுத் திருத்தம் அனுப்பி நான்கு மாதமாகிவிட்டது. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. விட்டுவிடவா?
— பினாங்கு வாசகர்

பதில்: விட வேண்டாம், ஒரு முறை நினைவூட்டுங்கள். பெரும்பாலும் பராமரிப்பாளர் பகல் வேலை முடித்துவிட்டு வந்து பார்க்கிறவர், உங்களுடையது கீழே போயிருக்கும். நினைவூட்டும்போது 'பார்த்தீர்களா' என்று மட்டும் கேட்காமல், மாற்றத்தை இன்றைய கிளைக்கு ஏற்றபடி புதுப்பித்துவிட்டு, இப்போதும் முரண்பாடு இல்லாமல் சேர்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய வாக்கியத்தை ஒருவர் எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்பதற்கும் ஒரு வரி சேருங்கள். 'எழுத்துப்பிழை திருத்தம்' என்ற தலைப்பை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளுவார்கள், 'இந்த வரியைப் படித்தால் காப்புநகல் தானாக எடுக்கப்படும் என்று தோன்றுகிறது, அப்படி நடப்பதில்லை' என்று இருந்தால் அன்றைக்கே திறப்பார்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அந்த மென்பொருளை உங்கள் லினக்ஸ் வழங்கலில் பொதியாக்கித் தருகிறவருக்கு எழுதுங்கள். டெபியனில் கையேட்டுப் பக்கப் பிழைகளையும் வழுவாகப் பதியலாம், பொதி பராமரிப்பாளர் மூல ஆசிரியருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.